ஆளில்லாத சியாரத்துக்குத்தான் கூட்டம்

பெப்ரவரி 6, செவ்வாய் – கதிரவெளி

பனிச்சங்கேணிப் பாலம் வந்ததும் பஸ்ஸுக்குள் உப்புக்காற்று அடித்தது. மட்டக்களப்பில் ஏறும்போது பிடித்த தூறல் வாகரை தாண்டியும் விடவில்லை. என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதியில் இறுகி நின்றுவிட்டதால் ஒரு தோள் முழுக்க நனைந்துபோய்த்தான் கதிரவெளியில் இறங்கினேன். கூட வந்த தோழி மட்டக்களப்புக் கல்லடிக்காரி, அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "கார்த்திகையில் வந்து பார், இதையெல்லாம் மழையென்று சொல்லமாட்டாய்" என்றாள். நான் யாழ்ப்பாணத்துக்காரி, எனக்கு அது மழைதான்.

எதற்காகக் கல்லறைகளைத் தேடிக் கிழக்குக்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும். போன வருடம் நாகூர் தர்காவுக்குப் போயிருந்தோம். வாசலில் பூ விற்ற ஒரு பெரியவர் நாங்கள் இலங்கை என்று தெரிந்ததும், "உங்க நாட்டுலயும் எஜமானுக்கு ஓர் இடம் இருக்குதே, கல்முனையில. போனதில்லையா?" என்று கேட்டார். எஜமான் என்றால் நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகை. கல்முனையில் உடல் இல்லை, ஆனால் சியாரம், அதாவது அடக்கத்தலம், இருக்கிறது என்றும் சொன்னார். அது மனதில் ஒட்டிக்கொண்டது. தோழியிடம் சொன்னால் அவள், "அதுக்கு மட்டும் ஏன்? எங்கட பக்கம் இன்னும் பழைய கல்லறையெல்லாம் இருக்கு, வா" என்று பட்டியலே போட்டுவிட்டாள்.

பட்டியலில் மிகப் பழையது கதிரவெளி. இரும்புக்கால மக்கள் இறந்தவர்களை வைத்த கற்பதுக்கைகள் இங்கே இருக்கின்றன. நாலு பக்கமும் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகையால் மூடிய குழிகள். தம்புள்ளைக்குப் பக்கத்தில் இப்பன்கட்டுவவிலும் இதே வகைதான். அங்கே தோண்டி ஆராய்ந்து கி.மு. 700க்கும் 400க்கும் இடைப்பட்டவை என்று கணித்திருக்கிறார்கள். மேற்குக் கரையில் பொம்பரிப்பில் முதுமக்கள் தாழிகள். அக்கரையில், தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரிலும் தாழிகள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செத்தவரை அடக்கும் முறை ஒன்றாகவே இருந்திருக்கிறது.

வீதியிலிருந்து உள்ளே நடந்தோம். மணலும் முள்ளுப் பற்றையும். கொஞ்சத் தூரம் போனதுமே என் செருப்பு வார் அறுந்தது. சைக்கிளில் வந்த ஓர் ஐயா எதுவும் கேட்காமல் இறங்கி, மடியில் இருந்த தங்கூசியை, அதுதான் தூண்டில் நைலோன் நூலை, எடுத்து, பல்லால் கடித்து அறுத்து, வாரைத் துளையோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுத் தந்தார். பயணம் முடியும்வரை அந்த முடிச்சு அவிழவில்லை. காசு கொடுக்கப் போனேன். "என்ன மகள் இது" என்று முகத்தைச் சுளித்தவர், தானே வழிகாட்டியாகக் கூட நடக்கத் தொடங்கினார்.

இந்த இடத்தைக் குரங்குபடையெடுத்த வேம்பு என்கிறார்கள். ராமருடைய வானரப் படை வந்து தங்கிய இடம் என்றும், கல்லெல்லாம் அவை சுமந்து வந்தது என்றும் அந்த ஐயா சொன்னார். கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பலகையில் கை வைத்துப் பார்த்தேன். உளி பட்ட நேர்த்தி இல்லை. பாறையிலிருந்து பிளந்தெடுத்த சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. விளிம்பில் பாசி, அதற்குள் பொடி நத்தைகள். ஐந்தாறு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கனம். உள்ளே கிடந்தவர் யார், எந்தக் குடி, என்ன மொழி பேசினார் என்பதெல்லாம் மறந்துபோன பிறகு, இவ்வளவு பெரிய கல்லை யார் தூக்கியிருப்பார்கள் என்ற கேள்வி மட்டும் ஊருக்கு மிஞ்சியிருக்கிறது. அதற்கு அனுமார் படையைவிடப் பொருத்தமான பதில் யாரிடம் இருக்கிறது?

ஒரு பூவோ ஒரு விளக்கோ அங்கே இல்லை. மாடு மேய்கிறது.

திரும்பும் வழியில் வாகரையில் நண்டுக் கறியோடு சோறு, ஆளுக்கு 900 ரூபா. முருங்கையிலை போட்டு, மிளகு தூக்கலாக. கடைக்கார அம்மா மூன்றாம் தரமும் சோற்றுச் சட்டியோடு வந்து நின்றார். வேண்டாம் என்றால் அவருக்கு மனம் நொந்துவிடும் என்று பட்டது. சாப்பிட்டேன்.

பெப்ரவரி 7, புதன் – ராஜகல

அம்பாறை மாவட்டம் முழுக்க வெள்ளாமை வெட்டு. காரைதீவுச் சந்தியில் உள்ளே திரும்பியதிலிருந்து சம்மாந்துறை வயல்வட்டை இரண்டு பக்கமும் மஞ்சளாய்க் கிடந்தது. வெட்டு மெஷின்கள் வரிசையாக நின்றன. ஆனால் அத்தனையும் சும்மா நின்றன, ராத்திரி மழையில் வயல் ஈரமாகிவிட்டது. பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு விவசாயிகள் வழி நெடுக அதைத்தான் பேசினார்கள்: ஈர நெல்லுக்கு என்ன விலை சொல்வான், காயவைக்க எங்கே இடம், மெஷினுக்கு மணித்தியாலக் காசு எவ்வளவு. ஜனவரி வெள்ளத்தில் போனது போக மிஞ்சியது இது. அவர்களுடைய முகத்தைப் பார்த்தபிறகு எனக்கு மழையைப் பற்றிக் குறைசொல்ல வாய் வரவில்லை.

அம்பாறை நகரில் பிடித்த ஓட்டோவின் பின் சில்லு உகனைக்கு அப்பால் காற்றுப் போனது. மாற்றுச் சில்லிலும் காற்று இல்லை. சாரதித் தம்பி சில்லைக் கழற்றிக்கொண்டு இன்னொருவரின் மோட்டார் சைக்கிளில் போய்விட, நாங்கள் வீதியோரத் தெம்பிலி இளநீர்க் கடையில் ஒதுங்கினோம். கடைக்காரச் சிங்களப் பெண்மணிக்குத் தமிழ் நாலு சொல், எனக்குச் சிங்களம் அதைவிடக் கொஞ்சம் கூட. தெம்பிலி ஒன்று 150 ரூபா. குடித்து முடித்ததும் இரண்டாகப் பிளந்து வழுக்கையைச் சுரண்டித் தந்தார். இன்னொன்று வெட்டினார், அதற்குக் காசு வாங்கவில்லை. "ராஜகலவுக்கா? மகிந்த தேரரைக் கும்பிடவா?" என்று கேட்டார். பார்க்கப் போகிறோம் என்றேன். "பார்த்தால் கும்பிட்டதுதான்" என்றார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவருடைய வாங்கில் உட்கார்ந்திருந்தோம்.

ராஜகல ஒரு காட்டு மலை. ஏறும் பாதை கல் பதித்தது, மழைக்கு வழுக்கியது. இரண்டு பக்கமும் பாறைக் குகைகள். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் வெளியே சொட்டட்டும் என்று குகை வாயின் மேல் விளிம்பில் நீளமாக ஒரு வெட்டு. அந்த வெட்டு இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தண்ணீர் ஒரே கோடாகச் சொட்டியது, உள்ளே மண் காய்ந்திருந்தது. நாங்களும் ஒரு குகைக்குள் ஒதுங்கி நின்றோம். கட்டிட அடித்தளங்கள், தூண்கள், குளம், பாதி செதுக்கி விட்ட கற்கள் என்று மலையெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தார் பல வருடம் இங்கே அகழ்ந்து வேலை செய்திருக்கிறார்கள்.

நான் தேடி வந்தது ஒரு சின்னத் தூபியும் அதன் பக்கத்துப் பாறையில் இருக்கும் பிராமிக் கல்வெட்டும். காவலுக்கு இருந்த பெரியவர்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வெட்டெழுத்துக்குள் மழைத்தண்ணீர் தேங்கி நின்றதால் ஒவ்வொரு எழுத்தும் மினுங்கியது. வெயில் நாளில் வந்திருந்தால் இவ்வளவு துலக்கமாகக் கண்டிருக்கமாட்டேன். தொல்லியலாளர் சேனரத் பரணவிதான வாசித்து வெளியிட்ட கல்வெட்டு இது. இந்தத் தீவின் பெரும் பேறாக இங்கு வந்த இட்டிய தேரர், மகிந்த தேரர் ஆகியோரின் தூபி இது என்பது அதன் கருத்து.

மகிந்தர் கதை இலங்கைப் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் தெரியும். அசோகரின் மகன், இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த துறவி. விதிசையிலிருந்து தோழர்களோடு ஆகாயமார்க்கமாகப் பறந்து வந்து மிகிந்தலை மலையில் இறங்கினார். வேட்டைக்கு வந்த மன்னன் தேவநம்பிய தீசனிடம் மாமரத்தைக் காட்டிக் கேள்வி கேட்டு அவனுடைய புத்தியைச் சோதித்தார். மன்னன் உத்தியனின் எட்டாம் ஆட்சியாண்டில் மிகிந்தலையிலேயே காலமானார், அநுராதபுரத்தில் தகனம் செய்தார்கள், அஸ்தியைப் பங்கிட்டுப் பல இடங்களில் வைத்தார்கள். இதெல்லாம் மகாவம்சம் என்ற பாளி வரலாற்று நூல் சொல்வது. மகாவம்சம் எழுதப்பட்டது கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில். ராஜகலக் கல்வெட்டோ கிறிஸ்துவுக்கு முந்தியது. அதில் பறந்ததாக ஒரு சொல்லும் இல்லை. வந்தார்கள் என்று மட்டும் இருக்கிறது. வந்தவர்களின் பெயர் இருக்கிறது. எனக்கு அந்த ஒற்றை வரி மாமரக் கதையைவிடப் பெரிதாகப்பட்டது. இறந்த ஒரு மனிதருக்கு, அவரை மறக்காத சிலர், பெயரெழுதி வைத்த கல்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்த நாளைப் பற்றி எழுதியது அரைகுறையாகிவிடும். கிழக்கில் இருக்கும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றில் புளி கரைகிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று போட்டார்கள். பாதுகாப்புச் செயலாளர் தலைவர். தொடக்கத்தில் நியமித்தவர்களில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இல்லை. அதற்குப் பிறகு ஒரு பழைய செங்கல்லைக் கண்டாலும் எங்கள் காணி போய்விடுமோ என்று ஊர்கள் பயப்படுவதில் என்ன பிழை? தோழியே மலை ஏறும்போது, "இதை நீ எழுதினால் எங்கட ஆட்கள் என்ன சொல்வார்களோ" என்றாள். எழுதுகிறேன். ராஜகலவில் இருப்பது வெளியூரிலிருந்து வந்த ஒரு துறவியின் அஸ்தி. அதைக் கும்பிடவும் படிக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. அதை எல்லைக் கல்லாக நட்டு இன்னொருவரின் வயலை அளக்க ஒருவருக்கும் உரிமை இல்லை.

மூன்று மணியாகும் முன்னரே காவலர், "அலியா, அலியா" என்று எங்களை விரட்டாத குறையாக இறக்கிவிட்டார். பின்னேரத்தில் யானை வரும் பாதை. அவ்வளவு நேரத்தில் எங்களைத் தவிர மலையில் கண்டது வெள்ளை உடுத்த ஒரு வயதான தம்பதியை மட்டும்தான்.

பெப்ரவரி 8, வியாழன் – கல்முனைக்குடி

நாகூர்ப் பெரியவர் சொன்ன இடம் கடற்கரைப் பள்ளிவாசல். அங்கே வியாழன் பின்னேரம் வா, அன்றைக்குத்தான் ஆட்கள் வருவார்கள் என்று தோழியோடு ஒன்றாக வேலை செய்யும் முஸ்லிம் அக்கா, நாங்கள் கூப்பிடுவது ராத்தா, சொல்லியிருந்தார். அவருடைய வீடு கல்முனைக்குடியில், கடலுக்கு நாலு ஒழுங்கை முன்னால். மத்தியானமே போய்ச் சேர்ந்தோம். வாசலில் கால் கழுவத் தண்ணீர் தந்த கையோடு இஞ்சிப் பிளேன்டி வந்தது. கூடவே தொதல். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் இறுகி, விரலில் எண்ணெய் ஒட்டும் பதம். இரண்டு துண்டுக்கு மேல் தின்ன முடியாது, ஆனால் இரண்டோடு நிறுத்தவும் முடியாது.

பின்னேர அசர் தொழுகை முடிந்து நடந்தோம். கடல் கொந்தளிப்பாக இருந்தது. தோணிகளை மேட்டில் இழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த மணல் விரிப்பின் ஓரத்தில் மினாராவோடு நிற்கிறது கடற்கரைப் பள்ளி, நாகூர் ஆண்டகை தர்கா ஷரீப். உள்ளே பட்டுப் போர்வை போர்த்திய சியாரம். சாம்பிராணிப் புகை, பன்னீர் வாசம். ஒரு தாய் குழந்தையின் நெற்றியைச் சியாரத்து ஓரத்தில் வைத்து எடுத்தார். இரண்டு மாணவிகள் கணக்குப் பரீட்சைக்காக வந்திருந்தார்கள், ஓதி முடித்ததும் விடைகளைச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். பொட்டு வைத்த ஓர் அம்மா சாமான் பையோடு வந்து எண்ணெய்ப் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனார். பாண்டிருப்பு ஊராம், வருடக் கணக்காக வருகிறாராம். ஒருவரும் அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவு பழக்கம். பாத்திஹா ஓதி முடிந்து சீனியும் பேரீச்சம்பழமும் பங்கிட்டபோது எங்கள் கையிலும் வைத்தார்கள். யார் எவர் என்று கேள்வி இல்லை.

சியாரத்துக்குள் ஆள் இல்லை. இதை ஒருவரும் மறைப்பதில்லை. சாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில். கூடவே வளர்ப்பு மகன் யூசுபும் அவருடைய மனைவியும். ஆண்டகை வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்தவர். குவாலியரில் முகம்மது கவுஸிடம் பாடம் கேட்டவர். மக்கா போய், மாலைதீவு, இலங்கை எல்லாம் சுற்றி, பாவாதமலையும் (சிவனொளிபாத மலை) ஏறிவிட்டு நாகூரில் தங்கினார் என்பார்கள். தஞ்சாவூர் அச்சுதப்ப நாயக்கரை வாட்டிய நோய்க்குக் காரணம் ஊசி குத்தி வைத்த ஒரு புறா என்று கண்டுபிடித்து, ஊசிகளைப் பிடுங்கிப் புறாவைப் பறக்கவிட்டு மன்னரைச் சுகப்படுத்தினாராம். நாகூரில் இன்றைக்கும் நேர்த்திக்குப் புறா விடுவது அதனால்தான். மறைந்தது 1570இல். பிறகு தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் 131 அடி உயர மினாரா கட்டிக் கொடுத்தார்.

கடலோர மக்களுக்கு இவற்றைவிட முக்கியமான கதை கண்ணாடிக் கதை. ஆண்டகைக்கு நாவிதர் சவரம் செய்துகொண்டிருக்கிறார். திடீரென்று ஆண்டகை கையிலிருந்த கண்ணாடியை வீசி எறிகிறார். நாவிதர் திகைத்துப் போகிறார். சில நாள் கழித்துக் கடலோடிகள் காணிக்கையோடு வருகிறார்கள்: நடுக்கடலில் கப்பலில் ஓட்டை விழுந்து மூழ்கப் பார்த்தது, எங்கிருந்தோ ஒரு கண்ணாடி வந்து அந்த ஓட்டையை அடைத்தது என்று. கப்பல் ஒல்லாந்தருடையது (டச்சுக்காரருடையது) என்று பலர் சொல்வார்கள். ஆண்டகை மறைந்து 32 வருடம் கழித்துத்தான் ஒல்லாந்தக் கம்பனியே தொடங்கியது. நாகப்பட்டினத்தை அவர்கள் பிடித்தது 1658இல். ஆக அது போர்த்துக்கீசப் பறங்கியர் கப்பலாக இருந்திருக்க வேண்டும், அல்லது அந்தந்தக் காலத்தில் கடலை ஆண்டவர் பெயரைக் கதை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. கப்பல் யாருடையதானாலும் ஓட்டையை அடைத்தவர் மாறவில்லை.

கடலோடிகளும் வியாபாரிகளும் போன இடமெல்லாம் ஆண்டகையைக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்கா, பினாங்கில் சூலியா தெருவில் இன்னொன்று. அங்கேயும் உடல் இல்லை.

கல்முனைக்குடிக்கு அவர் வந்த விதம் வேறு. ராத்தா தன் உம்மம்மா சொன்னபடி சொன்னார். சரும நோய் பிடித்து, ஊராரிடமிருந்து ஒதுங்கிக் கடற்கரைக் குடிசையில் கிடந்தார் ஒருவர். கனவில் ஆண்டகை வந்து ஓரிடத்தைக் காட்டினார். விடியப் போய்ப் பார்த்தால் மணல் ஒரு கபுறு (கல்லறை) வடிவில் தானாகக் குவிந்து கிடந்தது. நோய் மாறியது. மாறியவர் அந்த மணலைச் சுற்றிக் கொட்டில் போட்டார். இது நடந்து இருநூறு வருடம் என்கிறார்கள். சொல்கிற ஆளைப் பொறுத்துக் கதை அங்கே இங்கே மாறும், மணல் மட்டும் எல்லாவற்றிலும் வரும்.

உம்மம்மாவும் உயிரோடுதான் இருக்கிறார். எண்பது தாண்டியவர். வீட்டுக்குத் திரும்பியதும் அவரிடமே கேட்டேன்: ஆள் நாகூரில், இங்கே எதற்காக ஓதுகிறீர்கள்? கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, "மகள், காயிதம் போடுறதுக்கு நீங்க கொழும்புப் பெரிய தபால் கந்தோருக்கா போறீங்க? தெருமுனையில பெட்டி இரிக்கே" என்றார்.

பிறகு கடல் வந்த கதை. 2004 டிசம்பர் 26. இலங்கையில் எந்த மாவட்டத்தையும்விட அம்பாறையில்தான் அதிக உயிர் போனது, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் நெருக்கமாக வாழ்ந்த ஊர்களில் மதிலோடு மதிலாக நின்ற வீடுகள் துடைத்துப் போயின. பள்ளியைச் சுற்றி எல்லாம் போய், பள்ளி நின்றது என்றார் உம்மம்மா. அவருடைய இரண்டு பிள்ளைகள் போனார்கள். பள்ளி நின்றதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. கண்ணாடி எறிந்தவர் அன்றைக்கு ஏன் எறியவில்லை என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் அவர் தானே சொன்னார்: "நான் அவர்ட்டப் போய் அழுதன். அழுறதுக்கு ஓர் இடம் நிண்டுதே."

அதன் பிறகு கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கிழக்கில் வீடு கட்டக்கூடாது என்று அரசு தடை போட்டது, பின்னர் தளர்த்தியது. வீடிருந்த இடம் இன்றைக்கும் பல இடங்களில் வெறும் மணல்தான். ஆட்கள் உள்ளே தள்ளிப்போன பிறகும் வியாழக்கிழமை நடந்து வருகிறார்கள்.

ராத்திரிக்கு இடியப்பம், சொதி, பொரித்த பாரைமீன், ஒரு தட்டு வட்டிலப்பம். விருந்தினருக்கென்று உள்ளறையை ஒழித்துத் தந்துவிட்டு ராத்தா கூடத்தில் பாய் விரித்தார்.

பெப்ரவரி 9, வெள்ளி – கல்முனை, திரும்புதல்

காலையில் மருதமுனைச் சாரம் ஒன்று வாங்கினேன், 1,600 ரூபா. தறியில் நெய்தது, கரை கெட்டியாக இருந்தது. பிறகு மழை கொட்டத் தொடங்கியது. பதினொன்றரைக்கு மேல் கடைகள் ஜும்ஆத் தொழுகைக்காகச் சாத்தத் தொடங்கிவிட்டன. வருவதாகச் சொன்ன பஸ்ஸும் வரவில்லை. கடை ஓரத்தில் குடையோடு நின்ற எங்களை ராத்தாவின் தம்பி கண்டு, "வீட்ட வாங்க, சாப்பிட்டுப் போகலாம்" என்று திரும்பவும் கூட்டிக்கொண்டு போனார்.

சஹனில் சாப்பாடு. ஒரே பெரிய தட்டில் நெய்ச்சோறு, கோழி, கத்தரிக்காய் மோஜு, அன்னாசிச் சம்பல். உம்மம்மா, ராத்தா, தோழி, நான் நாலு பேரும் சுற்றி இருந்து அவரவர் பக்கத்திலிருந்து. உம்மம்மா நல்ல இறைச்சித் துண்டுகளை ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

தம்பி சியாரத்துக்குப் போவதில்லை. அல்லாஹ்விடம் கேட்பதற்கு இடையில் ஆள் எதற்கு என்பது அவருடைய வாதம், அதை அமைதியாகவும் தெளிவாகவும் சொன்னார். ராத்தா, நாங்கள் ஆண்டகையைக் கடவுள் என்றா சொன்னோம், அவர் பொருட்டால் கேட்கிறோம் என்றார். இந்த வாக்குவாதம் எல்லா இடத்திலும் சோற்றுத் தட்டைச் சுற்றி முடிவதில்லை. 2006 டிசம்பரில் காத்தான்குடியில் ஒரு சூபிப் பெரியாரின் உடலை அடக்கம் செய்த இடத்திலிருந்தே தோண்டி எடுத்தார்கள், கலவரம் நடந்தது. அதைத் தம்பியே சொன்னார். "அது அநியாயம். மவுத்தானவரை வெளியே எடுக்கிற மார்க்கம் எங்கட மார்க்கமில்ல" என்றார். இரண்டு பேரும் ஒத்துப்போன இடம் அதுதான்.

கடற்கரைப் பள்ளியின் வருடாந்தக் கொடியேற்றத்தின்போது என்ன செய்வீர்கள் என்று தம்பியைக் கேட்டேன். ஜமாதுல் ஆகிர் மாதப் பிறை கண்டதும் கல்முனை நகர்ப் பள்ளியிலிருந்து கொடி ஊர்வலமாக வந்து கடற்கரைப் பள்ளி மினாராவில் ஏறும். பன்னிரண்டு நாள் மௌலித் ஓதல், பக்கீர்மாரின் றாத்தீப், கடைசியில் கந்தூரிச் சாப்பாடு. மணலெல்லாம் கடை போடுவார்கள். தம்பி, "உள்ள போகமாட்டன். பிள்ளைகளைக் கூட்டிப் போய் மஸ்கட் இனிப்பு வாங்கிக் குடுப்பன், ராட்டினம் ஏத்துவன். இல்லாட்டி உம்மம்மா என்னோட கதைக்கமாட்டா" என்றார். உம்மம்மா ஆமென்று தலையாட்டினார்.

மூன்று மணிக்குத்தான் பஸ் கிடைத்தது. காத்தான்குடி வீதி நடுவில் நிற்கும் பேரீச்ச மரங்களைக் கடக்கும்போதும் மழை விடவில்லை. போக நினைப்பவர்களுக்கு: கொடி பிறையைப் பொறுத்தது, வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்தள்ளும். 2024இல் டிசம்பர் முதல் வாரத்தில் வரலாம் என்று அப்போது ராத்தா சொன்னார். பெண்கள் தலைக்குத் துணி கொண்டு போங்கள். ராஜகலவுக்குக் காலையிலேயே போங்கள், மூன்று மணிக்கு முன் இறங்கிவிடுங்கள், ஓட்டோவில் ஏறும் முன்னர் மாற்றுச் சில்லில் காற்று இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.